நாலரை நட்சத்திர பெயின்ட்டும் அக்கினி நட்சத்திரமும்

2024 மே மாதம். அக்கினி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு மத்தியானம், தூத்துக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு டிரஸ்டுக்குச் சொந்தமான மண்டபம், பெயர் வேண்டாம். செயலாளர் அண்ணாச்சி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருங்க தம்பி, நாலரை நட்சத்திரம். இத்தனை பேரு போட்டிருக்கான். அத்தனை பேருமா பொய் சொல்லுதான்?" அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க அம்மை வார்த்த மாதிரி கொப்புளம்.

யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. பெயின்ட் நல்ல பெயின்ட். விமர்சனம் எழுதியவர்களும் மனதில் பட்டதைத்தான் எழுதியிருந்தார்கள். மேஸ்திரியும் பெரிதாகத் தப்புப் பண்ணவில்லை. ஆனாலும் நாலே மாதத்தில் சுவர் போச்சு. நான் கட்டட வேலை பார்க்கிறவன், பெயின்ட் கம்பெனிக்காரன் இல்லை. அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்காமல், நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் சராசரியாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே அதைவிடக் குறைவு. இந்த மண்டபம் தாழ்வான இடத்தில் இருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் மூன்றடித் தண்ணீர், ஐந்து நாள் நின்றது. மழைத்தண்ணீர் என்று சொல்கிறோமே தவிர, வந்தது குளத்துத் தண்ணீர், சாக்கடை, உப்பளப் பக்கத்து மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்த தண்ணீர், எல்லாம் கலந்த ஒன்று. வடிந்த பிறகு நாலு சுவரிலும் மூன்றடி உயரத்தில் அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி ஒரு சாம்பல் கோடு இருந்ததாம். அந்தக் கோட்டை நான் பார்க்கவில்லை. நான் போவதற்குள் அதன் மேல் பெயின்ட் ஏறிவிட்டது.

தை பிறந்தால் முகூர்த்தம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் வாங்கியாயிற்று, தேதி நெருங்குகிறது. கமிட்டி கூடியது. கமிட்டியில் ஒருவர் பையன் வெளிநாட்டில் இருக்கிறான், அவன் அங்கிருந்தே போனில் தேடி, மார்க்கெட்டில் மதிப்பெண் அதிகம் வாங்கிய பெயின்ட்டை எடுத்துக் கொடுத்தான். ரப்பர் மாதிரி இழுபடும், விரிசலை மூடும், தண்ணீரை உள்ளே விடாது என்று டின்னிலேயே போட்டிருக்கும் வகை. வெள்ளம் வந்த சுவர், வாட்டர்ப்ரூஃப் பெயின்ட். கேட்கும்போது இதைவிடப் பொருத்தமாக என்ன இருக்க முடியும்? கமிட்டிக் கூட்டத்தில் நானே உட்கார்ந்திருந்தாலும் கையைத் தூக்கியிருப்பேனோ என்னவோ.

பொங்கல் முடிந்த மறுநாள் வேலை ஆரம்பம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, ஒருநாள் ஃபேன் ஓடவிட்டு, சுவரைச் சமமாக்கப் பட்டி பார்த்து, பெயின்ட் பிடிக்க அடியில் பிரைமர் ஒன்று, மேலே இரண்டு கோட். உள்ளேயும் வெளியேயும் அதே பெயின்ட், ஏனென்றால் சாம்பார் தெறித்தாலும் துடைத்துவிடலாமே. எட்டே நாளில் மண்டபம் புதுசு. தை முகூர்த்தம் எல்லாம் ஜாம்ஜாம் என்று நடந்தது. பங்குனியில் முதல் கொப்புளம். சித்திரை வெயில் ஏற ஏற ஒன்று நூறாகி, கடைசியில் சுவர் ஓரமாக இலை போட யோசிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டது.

நான் போன அன்று முதல் வேலையாக மேஸ்திரியிடம் ஒரு ஊக்கு கேட்டேன். ஒரு பெரிய கொப்புளத்தை எடுத்துக் குத்தினால், ஊக்கின் வழியாகத் தண்ணீர் ஒரு சொட்டாகத் திரண்டு, சுவரோடு கோடு போட்டு இறங்கியது. மே மாதம், வெளியே நிற்க முடியாத வெயில், உள்ளே சுவருக்குள் தண்ணீர். நான் தடுப்பதற்குள் மேஸ்திரி விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டார். "கரிக்குது சார்" என்றார். சாக்கடை கலந்த தண்ணீர், யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ஆனால் உண்மையைச் சொன்னால் லேப் ரிப்போர்ட் வருவதற்குப் பத்து நாள் முன்னாலேயே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

அடுத்து பிளேடால் சதுரமாகக் கீறி ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். சப்பாத்தி அளவுக்கு ஒரே தாளாகக் கழன்று வந்தது. கிழியவில்லை, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் நீண்டு கொடுத்தது. அதாவது பெயின்ட் படலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. திருப்பிப் பார்த்தால் பின்புறம் முழுக்க வெள்ளை மாவு. பட்டி மொத்தமாகப் பெயின்ட்டோடு வந்துவிட்டது, அந்த இடத்துப் பூச்சில் ஊசி ஊசியாக உப்பு பூத்திருந்தது. உரிகிற பெயின்ட்டைப் பார்த்தவுடனே பெயின்ட்டைத் திட்டுவது நம் வழக்கம். உரிந்த துண்டின் பின்னால் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றும் ஒட்டாமல் சுத்தமாக வந்தால் மேல்கோட்டுக்கும் பிரைமருக்கும் சண்டை. பட்டியோடு வந்தால் பட்டிக்குக் கீழே சண்டை. பூச்சு மணலோடு வந்தால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

இன்னொரு விஷயம் அதைவிடத் தெளிவாக இருந்தது. கொப்புளம் எல்லாம் தரையிலிருந்து நாலரை அடி வரைதான். அதற்கு மேலே சுவர் பளிங்கு மாதிரி. ஒரே டின், ஒரே ஆள், ஒரே நாள், ஒரே ரோலர். நாலரை அடிக்குக் கீழே தோல்வி, மேலே வெற்றி. தண்ணீர் நின்றது மூன்றடி, செங்கல் உறிஞ்சி ஏற்றியது இன்னும் ஒன்றரை அடி. இவ்வளவு சுத்தமான பரிசோதனையைக் காசு கொடுத்தாலும் எந்த லேபிலும் பண்ணித் தரமாட்டார்கள். அண்ணாச்சியிடம் அதைத்தான் காட்டினேன். "மேல நாலரை நட்சத்திரம் சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி. கீழதான் சுவரு வேற."

சுவருக்குள் நடந்தது

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். ஐந்து நாள் தண்ணீரில் நின்ற செங்கல் எவ்வளவு குடிக்குமோ அவ்வளவும் குடித்திருக்கும். நனைந்த சுவர் காய, கனத்தில் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு பழைய மனக்கணக்கு உண்டு. இரண்டு பக்கமும் திறந்து கிடந்தால் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம், அப்படியே வைத்துக்கொண்டாலும் நாலு மாதத்துக்கு மேல். இங்கே கமிட்டி கொடுத்தது ஒரு மாதம். அதிலும் அது மார்கழி, பனியும் ஈரக்காற்றும் இருக்கிற மாதம்.

உள்ளே தண்ணீர் இருக்கும்போதே இரண்டு பக்கமும் ரப்பர் சட்டை மாட்டிவிட்டார்கள். வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுக்கிற படலம், உள்ளேயிருந்து போக நினைக்கிற ஆவியையும் கொஞ்சம் தடுக்கத்தான் செய்யும். தண்ணீர் கலந்து அடிக்கிற சாதாரண எமல்ஷன் பெயின்ட் குறைவாகத் தடுக்கும், கனமாக ஏற்றுகிற ரப்பர் வகை அதிகமாகத் தடுக்கும். குளிர்காலத்தில் பிரச்சினை தெரியவில்லை. சித்திரை வெயில் வெளிச்சுவரைச் சுட்டதும் உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி வழி தேடியது, வழி இல்லை, படலத்தை ஊதிவிட்டது.

உப்பு இதில் தனிக் கதை. சாதாரணச் சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையும், அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். மழைநாளில் உப்பு ஜாடி கசிவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம், அதேதான். தூத்துக்குடியில் கடல் காற்றுக்கு ஈரப்பதம் அந்த எல்லையை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவை படிகமாகும்போதும் துளைக்குள் இடம் போதாமல் பூச்சை நெம்பும். எனவே சுவர் நன்றாகக் காய்ந்துவிட்டாலும் உப்பு உள்ளே இருக்கிற வரை கதை முடியாது. வெள்ளம் பார்த்த வீடுகளில் ஒரு வருஷம் கழித்துக்கூட ஓதம் எடுக்கிறதே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று குழம்புகிறார்களே, பல இடத்தில் காரணம் இதுதான்.

நட்சத்திரம் எதை அளந்தது

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அந்தப் பெயின்ட்டுக்கு வந்த விமர்சனங்களை வரிசையாகப் படித்தேன். ஒரு பத்து நிமிஷம் என்று ஆரம்பித்தது, சுவாரசியமாகப் போய்விட்டது. மூடி உடைந்து வந்தது, ஒரு நட்சத்திரம். சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்தது, ஐந்து. வாடை இல்லை, குழந்தைக்கு ஒத்துக்கொண்டது, ஐந்து. கார்டில் பார்த்த கலர் சுவரில் வேறு மாதிரி தெரிகிறது, இரண்டு. ஒருவர் இன்னும் டின்னைத் திறக்கவே இல்லை, ஆனால் பிராண்டு மேல் நம்பிக்கை, ஐந்து. இரண்டு மழைக்காலம் கழித்துத் திரும்பி வந்து எழுதியவர் ஒருவரும் என் கண்ணில் படவில்லை. எப்படி எழுதுவார்? பெயின்ட் வாங்கினவன் நாலாம் நாள் எழுதுவான், பெயின்ட்டுக்குச் சோதனை வருவதோ நாலாம் மாதம். சுவரைப் பற்றி, அது பழைய சுவரா புதுப் பூச்சா, அடியில் என்ன பட்டி, எத்தனை கோட், எவ்வளவு தண்ணீர் கலந்தார்கள் என்றெல்லாம் யாரும் ஒரு வரி எழுதவில்லை.

சரி, அது பொதுமக்கள் போடுகிற மதிப்பெண். முறையாகப் பரிசோதித்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1936 முதல் இருக்கிற கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் மாதிரி அமைப்புகள் கடையில் காசு கொடுத்து வாங்கி, விளம்பரம் வாங்காமல், பெயின்ட் எவ்வளவு மறைக்கிறது, தேய்த்தால் எவ்வளவு தாங்குகிறது, கறை போகிறதா, வெயிலில் வெளுக்கிறதா, பூஞ்சை பிடிக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறார்கள். அந்த வேலையில் எனக்கு மரியாதை உண்டு. வீட்டு ஹாலுக்கு, பிள்ளைகள் கிறுக்குகிற சுவருக்குப் பெயின்ட் தேடினால் நானும் அதைத்தான் பார்ப்பேன். ஆனால் பத்துப் பெயின்ட்டை நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் பத்தையும் ஒரே மாதிரிப் பலகையில், ஒரே மாதிரி அடித்துத்தான் ஒப்பிட முடியும். பலகையை மாற்றாமல் பெயின்ட்டை மாற்றுவார்கள். எங்கள் வேலையில் நிலைமை தலைகீழ். பெயின்ட் கையில் இருக்கும், பலகைதான் ஒவ்வொரு பத்தடிக்கும் மாறிக்கொண்டே இருக்கும். கழுவும் தொட்டிக்குப் பின்னால் ஒரு சுவர், மேற்கு வெயில் படுகிற ஒரு சுவர், வெள்ளத்தில் நின்ற ஒரு சுவர், தண்ணீரே பார்க்காத மாடிச் சுவர். ஒரே மண்டபத்தில் நாலு பலகை.

கட்டட வேலைக்கென்றே வேறு மாதிரிப் பட்டியல்கள் உண்டு. கனடாவில் மாஸ்டர் பெயின்டர்ஸ் இன்ஸ்டிடியூட் என்று ஒன்று, பெயின்ட்டுகளை வகைவாரியாகப் பரிசோதித்து, வகைக்கு ஒரு எண் கொடுத்துப் பட்டியல் போடுகிறது. அங்கே ஆர்க்கிடெக்ட் பிராண்டு பெயரை எழுதாமல் இன்ன பரப்புக்கு இன்ன எண் பிரைமர், அதன் மேல் இன்ன எண் மேல்கோட் என்று எழுதிவிடலாம். நம் ஊரில் பிளாஸ்டிக் எமல்ஷனுக்கு ஐஎஸ் 15489, சிமென்ட் பெயின்ட்டுக்கு ஐஎஸ் 5410 என்று தரநிர்ணயம் இருக்கிறது. கான்கிரீட், பூச்சுப் பரப்புகளில் எப்படி அடிக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ் 2395. அரசு வேலைகளில் இந்த எண்கள் ஒப்பந்தத்தில் இருக்கும், தனியார் வேலையில் பெரும்பாலும் கலர் பெயர் மட்டும்தான் இருக்கும்.

டின்னோடு வராத, ஆனால் கேட்டால் டீலர் எடுத்துத் தருகிற ஒரு தாள் இருக்கிறது, டெக்னிக்கல் டேட்டா ஷீட். இரண்டு பக்கம்தான். அதில் நான் முதலில் பார்ப்பது கன அளவில் திடப்பொருள் எத்தனை சதவீதம் என்பது. தண்ணீர் ஆவியான பிறகு சுவரில் மிஞ்சப்போவது அதுதான். 40 சதவீதம் என்று போட்டிருந்தால், ஈரமாக 100 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) ஏற்றினால் காய்ந்த பிறகு 40 மைக்ரான் நிற்கும். ஒரு லிட்டருக்குப் பத்து சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 107 சதுரடி, ஒரு கோட். வேஸ்டேஜ் தனி. இதே லிட்டரில் மேஸ்திரி 400 மில்லி தண்ணீர் சேர்த்தால் 40 சதவீதம் 29க்குக் கீழே போய்விடும். சுவரில் ரோலர் அதே மாதிரிதான் ஓடும், கண்ணுக்கு அதே வெள்ளைதான் தெரியும், ஆனால் மூன்று கோட் அடித்தால்தான் இரண்டு கோட்டுக்குச் சமம். சதுரடிக்கு ரேட் பேசினால் தண்ணீர் கூடத்தான் செய்யும், அதற்கு மேஸ்திரியை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இதை அளக்க சீப்பு மாதிரி பல் வைத்த ஒரு சின்னத் தகடு கிடைக்கிறது, ஈரப் பெயின்ட்டில் குத்தி எடுத்தால் எந்தப் பல் வரை நனைந்தது என்று மைக்ரான் தெரிந்துவிடும். சட்டைப்பையில் அடங்கும். அதை நான் வெளியே எடுத்தாலே போதும், அன்றைக்குத் தண்ணீர் குறைந்துவிடும்.

இந்த மண்டபத்துக்கு முக்கியமான எண் வேறு. ஆவியை எவ்வளவு விடும் என்ற எண். ஐரோப்பியத் தரநிர்ணயம் ஈஎன் 1062 இதை ஒரு விதமாகச் சொல்கிறது: இந்தப் படலம் தடுக்கிற அளவுக்கு ஆவியைத் தடுக்க எத்தனை மீட்டர் அசையாக் காற்று வேண்டும் என்று கணக்குப் போட்டு, 0.14 மீட்டருக்குக் கீழே என்றால் நன்றாக மூச்சுவிடும் வகை, 1.4க்கு மேலே என்றால் கிட்டத்தட்ட மூடி, நடுவில் இருப்பது நடுத்தரம். நம் நாலரை நட்சத்திரத்தின் தாளில் இந்த எண்ணே இல்லை. எவ்வளவு நீளும், எவ்வளவு அகல விரிசலை மூடும், தண்ணீர் எவ்வளவு தடுக்கும், எல்லாம் இருந்தது. இல்லாத எண்ணும் ஒரு தகவல்தான்.

அதே தாளில் கீழே சின்ன எழுத்தில், பரப்பு முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும், உப்பு பூத்த பரப்பில் அடிக்கக்கூடாது என்று தெளிவாகவே போட்டிருந்தது. கமிட்டி வாரன்டி கேட்டுப் போனபோது டீலர் மரியாதையாகக் காபி வாங்கிக் கொடுத்து அந்த வரியைக் காட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்கும்போதும் அதே காபியை வாங்கிக் கொடுத்து அதே வரியைக் காட்டியிருக்கலாம் என்று அண்ணாச்சி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பெயின்டர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. டின்னுக்குள் பெயின்டருக்குப் பணமாகிற டோக்கன் இருக்கும், இப்போது பல கம்பெனியில் ஸ்கேன் பண்ணுகிற கோடு. யார் டோக்கன் பெரிதோ அந்தப் பெயின்ட்டை "நல்லா உக்காரும் சார்" என்று மேஸ்திரி சொல்வார். அதுவும் ஒரு விதமான நட்சத்திரம்தான், வாங்குகிறவன் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரம். இந்த மேஸ்திரி அப்படிப்பட்டவர் இல்லை. ஜனவரியிலேயே "காயட்டும் சார், வெறும் சுவரா விடுங்க" என்று சொல்லியிருக்கிறார். முகூர்த்தம் இருக்கும்போது அவர் பேச்சு எடுபடவில்லை.

ஆனியும் ஆடியும்

மறுவேலைக்கு நான் கேட்டது பெயின்ட்டுக்குக் காசு இல்லை, நாள். நல்லவேளையாகத் தமிழ்ப் பஞ்சாங்கம் உதவிக்கு வந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் காலி. அதுவும் தூத்துக்குடிக்கு ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காய்ந்த காற்றுதான். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். அம்மியைப் பறக்கவிடும் காற்று சுவரைக் காயவைக்காதா?

ஜூன் முதல் வாரம் உள்ளேயும் வெளியேயும் தரையிலிருந்து ஆறடி வரை பெயின்ட், பட்டி, பூச்சு எல்லாவற்றையும் கொத்தி எடுத்துச் செங்கல்லை வெறுமனே விட்டோம். கொத்தும்போது ஜன்னல் சட்டங்களில் பழைய எண்ணெய்ப் பெயின்ட் அடுக்கடுக்காக இருந்தது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய எனாமலில் ஈயம் இருந்திருக்கலாம், நாளைக்கு இலை போடப்போகும் இடம் வேறு. எனவே அந்தச் சட்டங்களை மட்டும் உலர் உப்புத்தாள் போடவிடாமல், தண்ணீர் தொட்டுத் தேய்த்து, தூளைச் சாக்கில் கட்டி எடுக்கச் சொன்னேன். கிரில்களுக்கும் இதே கதைதான், நல்ல எனாமல், அடியில் துரு. கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, துருவைத் தடுக்கிற ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் அடித்து, மிச்சமிருந்த அதே எனாமலை அடித்தோம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனியில் இருந்த நாலைந்து முகூர்த்தத்தைப் பந்தல்காரர் சமாளித்தார். ஆறடிக்கு மஞ்சள் துணியைச் சுற்றிலும் தொங்கவிட்டு, மேலே பூச்சரம். பெண் வீட்டார் ஒருவர் அலங்காரம் அருமை என்று பாராட்டிவிட்டுப் போனாராம். துணிக்குப் பின்னால் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

வெறும் சுவரில் வாரத்துக்கு ஒருமுறை உப்பு பூக்கும். பூக்கப் பூக்கக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே விரித்த தாளில் அள்ளி வெளியே கொட்டினோம். கழுவக்கூடாது. தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து வந்த வழியே உள்ளே போய்விடும். கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கு இதைப் புரியவைக்க இரண்டு வாரம் ஆயிற்று. முதல் வாரம் ஒரு முறம் அளவுக்கு வந்தது, ஆடி நடுவில் ஒரு கைப்பிடி.

ஜூலை கடைசியில் பாலித்தீன் சோதனை. இதற்குச் செலவு செல்லோடேப் காசுதான். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தடித்த பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். மறுநாள் தாளுக்கு உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் தண்ணீர் விடுகிறது. பன்னிரண்டு இடத்தில் ஒட்டினோம். பத்து இடம் காய்ந்திருந்தது. வடக்குச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தாள் மட்டும் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

இரண்டு மாதம் காற்றாடிய சுவரில் அந்த இரண்டு இடம் மட்டும் ஏன்? அண்ணாச்சி வெள்ளத்தைச் சொன்னார். வெள்ளம் நாலு சுவருக்கும் பொது. மறுபக்கம் போய்ப் பார்த்தால் கை கழுவும் தொட்டி வரிசை. தொட்டிக்கு அடியில் தளத்தைக் கொத்தினால், வேஸ்ட் பைப்பின் முட்டு கழன்று, ஒவ்வொரு பந்திக்கும் ஐநூறு பேர் கை கழுவின தண்ணீரில் ஒரு பங்கு சுவருக்கடியில் போய்க்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாகவோ. வெள்ளம் வராமல் இருந்திருந்தாலும் அந்த மூலையில் எந்தப் பெயின்ட்டும் நின்றிருக்காது. பன்னிரண்டு பாலித்தீன் துண்டு கண்டுபிடித்ததை எந்த மதிப்பெண் பட்டியலும் சொல்லியிருக்காது.

பைப்பைச் சரிசெய்து, ஆகஸ்டில் பூச்சு. வெறும் சிமென்ட் கலவை வேண்டாம் என்று ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் போட்டோம். கொஞ்சம் மெதுவாக இறுகும், ஆனால் மூச்சுவிடும். மிச்ச உப்பு வந்தாலும் பூச்சில் தங்கிக்கொள்ளும், செங்கல்லைத் தின்னாது. கலவைக்கும், நீராற்றுவதற்கும் போர் தண்ணீரைத் தொடவிடவில்லை, குடிதண்ணீர் லாரிதான். எடுத்த உப்பை போர் தண்ணீர் வழியாகத் திரும்ப ஏற்றுவதற்கா இரண்டு மாதம் காத்திருந்தோம்? புதுப் பூச்சு 28 நாள் கிடந்தது. புதுச் சிமென்ட் பூச்சின் காரத்தன்மையில் சில கலர்கள் வெளுத்துவிடும் என்பதும் ஒரு காரணம்.

பெயின்ட் பேச்சு வந்தபோதுதான் பெரிய சண்டை. கீழ் ஐந்தடிக்குச் சிமென்ட் பெயின்ட் என்றேன். பையில் தூளாக வரும், தண்ணீரில் கரைத்து அடிக்க வேண்டும், விலையில் அடிமட்டம், இதற்கு யாரும் நட்சத்திரம் போட்டு நான் பார்த்ததில்லை. "மாட்டுத் தொழுவத்துக்கு அடிக்கிறதை மண்டபத்துக்கு அடிக்கச் சொல்லுதீய" என்றார் கமிட்டியில் ஒருவர். இன்னொருவர் ஐந்தடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார். டைல்ஸ் ஒட்டினால் ஈரமும் உப்பும் டைல்ஸுக்கு மேல் ஏறி ஆறாவது அடியில் பூக்கும், அவ்வளவுதான். கடைசியில் சமாதானம்: கீழே ஐந்தடி சிமென்ட் பெயின்ட், நடுவில் காவிக் கலரில் ஒரு பட்டை, மேலே சாதாரண அக்ரிலிக் எமல்ஷன். கோயில் மாதிரி இருக்கிறது என்று பிறகு அவர்களே சொல்லிக்கொண்டார்கள். வெளிச்சுவரில் கீழ்ப்பகுதிக்கு, ஆவி விடும் எண்ணைத் தாளில் போட்டிருந்த ஒரு அக்ரிலிக், பிரைமரும் அதே கம்பெனியின் அதே தாளில் சொன்னது.

நாலரை நட்சத்திரம் ஏழு டிரம் மீதி இருந்தது. அதை மாடியின் மேற்குச் சுவருக்கும் கைப்பிடிச் சுவருக்கும் அடித்தோம். அங்கே பூச்சில் மயிரிழை விரிசல்கள், சாய்வாக அடிக்கிற மழை, உள்ளே ஈரம் இல்லை. அந்த இடத்துக்கென்றே செய்த பெயின்ட் அது. ஒரு ஐப்பசி, கார்த்திகையைத் தாண்டிவிட்டது, மாடி அறைகளில் முன்னே வரும் ஓதம் இப்போது இல்லை.

கீழே எல்லாம் சுகம் என்று சொல்ல முடியாது. 2025 தை முகூர்த்தத்தில் ஒரு புகார் வந்தது, வாசல் பக்கச் சுவரில் சாய்ந்த ஒரு அம்மாவின் பட்டுச்சேலையில் வெள்ளை ஒட்டிக்கொண்டது. சிமென்ட் பெயின்ட் அடித்த பிறகு இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும், அந்தச் சுவருக்கு மட்டும் விசேஷ நாள் என்று ஆள் வராமல் தெளிப்பது விட்டுப்போயிருந்தது. தேய்த்தெடுத்து மறுபடி அடித்து, இந்தத் தடவை மேஸ்திரி தன் பையனையே உட்கார வைத்துத் தெளித்தார். மேற்குச் சுவரில் இரண்டு இடத்தில் லேசாக உப்பு பூத்தது, பிரஷ்ஷால் தட்டியதோடு சரி.

வடக்குச் சுவரில் தொட்டிக்குப் பின்னால் உள்ள எட்டடி மட்டும் இன்னும் வெறும் பூச்சாகத்தான் நிற்கிறது, துணி மறைத்திருக்கிறது. பாலித்தீன் இன்னும் வியர்க்கிறது, முன்னளவுக்கு இல்லை. வருகிற ஆடியில் மறுபடி ஒட்டிப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணாச்சி அதற்குள் கடையில் செல்லோடேப் வாங்கி வைத்துவிட்டார்.